செல்ஃப் எடுக்காத லாரிக்கு டீசல் பம்பைக் கழற்றினார்கள்

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. இன்ஜின் அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அலறுகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து, கியரில் போட்டு கிளட்சை விட்டதும் உடனே பிடித்துக்கொண்டது. அப்படியே ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சனி பிடித்தது அங்கேதான்.

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, “டீசல் பம்ப் வீக்குண்ணே, நாசிலும் போயிருக்கும்” என்றார் மெக்கானிக். நானும் தலையாட்டினேன், அதுதான் என் முட்டாள்தனம். இழுத்ததும் பிடித்த இன்ஜினுக்கு டீசலில் என்ன கோளாறு இருக்க முடியும்? இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல், காற்று, ஃபில்டர் என்று தேடலாம், சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, கேபிள், சுவிட்ச், ரிலே, செல்ஃப் மோட்டார் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பம்பைப் பிரித்து மாட்டினார்கள், அதே ‘டக்’. பேட்டரி ரெண்டும் அவுட் என்று புதுசு போட வைத்தார்கள், மறுபடியும் ‘டக்’. கடைசியில் செல்ஃப் மோட்டாரே புதுசு மாற்றியதாகச் சொன்னார்கள், உண்மையிலேயே எடுத்தது, நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி. திரும்பப் போனால் “வயரிங் முழுக்க மாத்தணும்ணே” என்கிறார் அதே மனிதர்! கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார், வயசானவர். எதையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். மீட்டர் 9 வோல்ட் காட்டியது. அரை வோல்ட் தாண்டினாலே கோளாறு என்றார். வண்டி 24 வோல்ட், அதில் 9 வோல்ட் எர்த் பாதையிலேயே, அதாவது கரண்ட் இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியிலேயே போய்விட்டால் மோட்டார் எப்படிச் சுற்றும்? கியர்பாக்ஸ் போல்ட்டில் பிடித்திருந்த எர்த் பட்டைக்கு அடியில் பச்சைப் பூத்து மண் அப்பியிருந்தது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார், மொத்தம் பத்து நிமிடம். லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும், செல்ஃபுக்குப் பல நூறு ஆம்பியர் வேண்டும், அதனால்தான் லைட் எரிந்ததை வைத்து நான் ஏமாந்தேன். அந்த நான்கு நாள் ஓடியதற்கும் காரணம் சொன்னார்: மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது அந்தப் பட்டையும் அசைந்து கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

உங்கள் வண்டிக்கு இப்படி ஆனால் பட்டறைக்குப் போகுமுன் கரண்ட் இருந்தால் எரிந்து காட்டும் ஒரு டெஸ்ட் லாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, சாவியைத் திருப்பும்போது சொலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) சின்ன வயரில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், சாவி சுவிட்ச். வந்தும் வெறும் ‘டக்’ என்றால் பேட்டரி, டெர்மினல், தடித்த கேபிள்கள், எர்த், எல்லாம் சரியென்றால் பிறகுதான் மோட்டார். பேட்டரி ஒவ்வொன்றும் சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் கிராங்க்கை, அதாவது இன்ஜினைச் சுற்றவைக்கும் தண்டை, ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், இன்ஜினே இறுகியிருக்கலாம், சிலிண்டருக்குள் தண்ணீரும் போயிருக்கலாம்.

ஒன்று விட்டுவிட்டேன். மாற்றிய அன்றே பழைய மோட்டாரைக் கேட்டேன், “ஸ்கிராப்ல போட்டாச்சு” என்றார்கள். எனக்கு மனசு கேட்காமல், அந்தப் பெரியவரிடமே ‘புது’ மோட்டாரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். வெளியே பளபளவென்று பெயின்ட், உள்ளே பிரஷ் தேய்ந்து முடியப்போகிறது. போன வருஷம் நானே ஸ்பேனர் நழுவிக் கீறிய இடம், பெயின்ட்டுக்கு அடியில் அப்படியே இருந்தது.