கோமதிக்கரையில் ஒன்று, மேட்டில் ஒன்று: கிளாட் மார்ட்டினின் இரு வீடுகள்

1735இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர் கிளாட் மார்ட்டின். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து புதுச்சேரி வந்தவர், பிறகு ஆங்கிலேயர் பக்கம் தாவி, லக்னோவில் பெரும் பணம் சேர்த்து, மேஜர் ஜெனரலாக 1800இல் இறந்தார். அங்கே அவர் கட்டிய இரண்டு வீடுகளில் எது உசத்தி?

கான்ஸ்டான்ஷியாவைத்தான் எல்லாரும் சொல்வார்கள். உச்சியில் சிங்கங்கள், கூரை விளிம்பெங்கும் சிலைகள். எனக்கு அது கொஞ்சம் அலட்டலாகவே படுகிறது. அது முடியுமுன்பே மனிதர் போய்விட்டார். உயிலில் கேட்டபடி அதன் நிலவறையிலேயே புதைத்தார்கள். நவாப் அதைப் பறித்துக்கொள்ளாமலிருக்கச் செய்த தந்திரம் என்பார்கள். சமாதி இருக்கும் வீட்டை யார் எடுப்பார்?

ஃபர்ஹத் பக்‌ஷ் வேறு ரகம். மார்ட்டின் உண்மையில் வாழ்ந்தது இங்கேதான். ஆற்றை ஒட்டிய கட்டடம். அடித்தளத்து அறைகள் நீர்மட்டத்தோடு இருக்கும். லக்னோ வெயிலைக் கேட்க வேண்டுமா? கோடையில் கீழே இறங்கிவிடுவார், சுவருக்கு அப்பால் ஆறு, உள்ளே குளிர்ச்சி. மழை பிடித்து வெள்ளம் ஏற ஏற, அவரும் மேல் தளத்துக்கு ஏறுவார். தண்ணீர் வடிந்ததும் கீழறைகளைச் சுத்தம் செய்து, அடுத்த கோடைக்குத் தயார்.

பின்னாளில் இது நவாப் சாதத் அலி கான் கைக்குப் போனது. கான்ஸ்டான்ஷியா, மார்ட்டின் விட்டுச்சென்ற பணத்தில் 1845இல் லா மார்ட்டினியர் பள்ளியானது, இன்றும் நடக்கிறது. சரி, குடியிருக்கச் சொன்னால் நான் ஆற்றங்கரைக்கே போவேன்.