சென்னபட்னா அரக்கு வளையல்: கடைசல் பட்டறையிலேயே போய் வாங்கினோம்

பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் 60 கிலோமீட்டரில் இருக்கிறது சென்னபட்னா. மரப் பொம்மைக்குப் பேர்போன ஊர். கட்டையைச் சுழலவிட்டு உளியால் பொம்மை கடைகிற அதே இயந்திரத்தில் வளையல், கம்மல், மணிமாலை எல்லாம் கடைந்து தருகிறார்கள் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியவில்லை. தங்கை மகள் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க வளையல் வேண்டியிருந்தது. கலாநகர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லி வைத்து வாங்கினோம்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். குழந்தைகள் வைத்து விளையாடுகிற எங்கள் ஊர்ச் செப்புச் சாமானும் மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுவதுதான். அதனால் கடைசல் சாமான் எதைப் பார்த்தாலும் முதலில் புரட்டி உள்பக்கத்தைப் பார்ப்பேன். இங்கே உள்பக்கமும் மழமழவென்று இருந்தது. ஒரு சிராய் கிடையாது.

பட்டறைக்காரரை பாய் என்றே கூப்பிட்டேன். பாதி கன்னடம், பாதி தமிழில் அவர் பேச, வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க விட்டார். மரம் நம் வெட்பாலை. அங்கே ஆலெ மரம் என்கிறார்கள். வெள்ளையாக, ரேகையே தெரியாத நெருக்கமான மரம். உளி பட்டால் பிசிறடிக்காமல் சுருள் சுருளாக வருகிறது. பச்சை மரத்தில் கடைந்தால் காய்ந்த பிறகு வட்டம் கோணிவிடும் என்று மாதக்கணக்கில் காயப்போட்டு வைத்திருக்கிறார். கட்டையை உருட்டி, நடுவைக் குடைந்து, வளையம் வளையமாக அறுத்தெடுத்த பிறகு உப்புத்தாள் போடுகிறார்.

அடுத்ததுதான் அரக்கு. வளையத்தைக் கூம்புக் கட்டையில் செருகிச் சுற்றவிட்டு, மஞ்சள் அரக்குக் குச்சியை அதன்மேல் வைத்து அழுத்தினார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறுகிறது. முதலில் திட்டுத் திட்டாகத்தான் ஒட்டியது. காய்ந்த தாழை ஓலை ஒன்றை மடித்து அதன்மேல் வைத்து அழுத்தவும், திட்டெல்லாம் இழைந்து ஒரே சீராகப் பரவியது. ஓலையை எடுத்தபோது ஜன்னல் வெளிச்சம் அந்த வளையலில் ஒரு கோடாக விழுந்தது. மஞ்சளுக்கு இரண்டு பக்கமும் சிவப்புக் கரை வைத்தார். கையில் குச்சி அசையவே இல்லை. அகல வளையல் ஒன்று 180 ரூபாய். அந்தக் கைக்கு நான் பேரம் பேசவில்லை.

இதை விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. இதற்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ‘சென்னபட்னா’ என்று போட்டிருந்ததை நம்பி ஒரு செட் வாங்கினோம். வந்தது ஸ்ப்ரே பெயின்ட் அடித்த வளையல். கொஞ்ச நாளில் ஓரமெல்லாம் செதில் செதிலாக உரிந்துவிட்டது. நிஜ அரக்கைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கடைசலில் போட்ட பள்ளக் கோடுகளைப் பாருங்கள். பெயின்ட் என்றால் அந்தப் பள்ளத்தில் வழிந்து தேங்கியிருக்கும். அரக்கென்றால் நிறமும் நிறமும் சேருகிற இடம் கத்தியால் கீறியது போல் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் வந்தால், சானிடைசர் தொட்ட பஞ்சால் உள்பக்கம் ஒரு மூலையில் தேயுங்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும், பிசுபிசுத்துச் சாயம் பஞ்சில் ஏறும்.

அதே காரணத்தால், போட்டுக்கொண்டு சானிடைசர் தடவாதீர்கள், சென்ட் அடிக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஈரம் இறங்கினால் வெள்ளை பூத்துவிடும், வெந்நீர் பட்டால் இளகும். காரின் முன்கண்ணாடிக்கடியில் வெயிலில் போட்டுவிட்டுப் போவதும் கூடாது. தினமும் சமையலறையில் கைவிட்டு வேலை செய்கிறவர்களுக்கு இது விசேஷ நாள் வளையல்தான்.

அளவு விஷயத்தில் கவனம். 2.6 என்றால் உள்விட்டம் 2 அங்குலமும் 16-ல் 6 பங்கும், ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். கண்ணாடி வளையலை மெல்லிசாக அடுக்கி ஏற்றுகிற கைக்கு, அகல மர வளையல் அதே அளவில் ஏறாது. ஒரு அளவு கூட்டியே கேளுங்கள். ரொம்ப மெல்லிசான மர வளையல் அழகாக இருக்கும், ஆனால் நான் வாங்க மாட்டேன். மரத்தின் நார் வளையலின் அகலவாக்கில் ஓடுவதால், சிமென்ட் தரையில் ஒருமுறை விழுந்தால் நார் பிளந்து இரண்டாகிவிடும். குறைந்தது ஒரு விரல் அகலம் இருக்கட்டும்.

நிறங்களைப் பற்றி ஒன்று. மஞ்சள், அவுரி மாதிரி இயற்கைச் சாயம் கலந்த அரக்கும் உண்டு, வேதிச் சாயம் கலந்ததும் புழக்கத்தில் உண்டு. இந்த பாய், பளீர் ரோஸும் கிளிப்பச்சையும் இயற்கைச் சாயம் இல்லை என்று கேட்டதும் நேராகச் சொன்னார். அதுவே எனக்குப் பிடித்தது. கைக்குழந்தை வாயில் வைக்கிற கிலுகிலுப்பைக்கெல்லாம் இதைக் கட்டாயம் கேளுங்கள். 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு சென்னபட்னா பொம்மைகளுக்கானது; அந்தப் பெயரைச் சொல்லி விற்கிற வளையலையெல்லாம் அதை வைத்து நம்பிவிட முடியாது.

கம்மல்தான் ஏமாற்றம். கடைசல் அருமை, குட்டிப் பம்பரம் போல மூன்று நிறத்தில் அவ்வளவு நேர்த்தி. ஆனால் கொக்கி மட்டமான உலோகம். என் அக்காவுக்குக் காது சிவந்து அரித்துவிட்டது. பெங்களூரில் வெள்ளிக் கொக்கி மாற்றிப் போட்டுக்கொண்டாள். பாயிடம் அடுத்தமுறை கொக்கியில்லாமல் மணியை மட்டும் தரச் சொல்லியிருக்கிறேன், சரி என்றார்.

இப்போது இன்ஸ்டாகிராமில் மரத்துண்டையும் எப்பாக்ஸி என்கிற செயற்கைப் பிசினையும் சேர்த்து வார்த்துக் கடைகிற நகைகளும் நிறைய வருகின்றன. அவையும் அழகுதான், ஒரு பென்டன்ட் வைத்திருக்கிறேன். தண்ணீருக்கு அரக்கைவிட அதிகமாகத் தாங்குகிறது. ஆனால் வெயில் பட்டுப் பட்டு அதன் தெளிவு மஞ்சளடித்துவிட்டது, அதற்கு வழியில்லை. அரக்கு மங்கினால் மறுபடி இயந்திரத்தில் மாட்டி ஓலை வைத்தால் போதும். பழைய வளையல் இரண்டை பாய் காசு வாங்காமலே பளபளப்பாக்கித் தந்தார்.

போகிறவர்களுக்கு: 2023 மார்ச்சில் விரைவுச்சாலை திறந்ததிலிருந்து கார்கள் ஊருக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. சாலையோரப் பொம்மைக் கடைகளுக்கு அதனால் பெரிய அடி. நீங்கள் முன்கூட்டியே இறங்கிப் பழைய சாலையைப் பிடிக்க வேண்டும். ரயிலில் போனால் இன்னும் சுலபம், மைசூர் பாசஞ்சர் நிற்கிறது, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ‘கலாநகர்’ என்றால் போதும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பட்டறை மூடியிருக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அளவை எழுதிக் கொடுங்கள்.