.45 கோல்ட் தோட்டா: கருமருந்தா, புகையில்லா மருந்தா?

1873-ல் கோல்ட் கம்பெனியின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வருடன் புழக்கத்துக்கு வந்த தோட்டா .45 கோல்ட். அப்போது அதில் போட்டது 40 கிரெய்ன் கருமருந்து (புகை கக்கும் பழைய வெடிமருந்து), முனையில் 255 கிரெய்ன் ஈயக் குண்டு. அதாவது பதினாறரை கிராம் ஈயம். சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புகிறவர்களுக்கு இன்றைக்கு இரண்டு வழி இருக்கிறது. பழையபடி கருமருந்து கெட்டிக்கலாம், அல்லது புகையில்லா மருந்து போடலாம். முதலில் இரண்டாவதைச் செய்துவந்தேன். இப்போது என் பழைய ரிவால்வருக்குக் கருமருந்து மட்டும்தான்.

புகை, நாற்றம், சத்தம் பற்றி எல்லோருக்கும் தெரியும். புகையில்லா மருந்து சுத்தமானது, எளிதில் கிடைப்பது. கருமருந்து சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும் என்பதால் அதை வைத்திருக்கும் விதிகளும் கடுமை. இதில் வாதாட ஒன்றுமில்லை.

என்னை மாற்றியது கூட்டின் கொள்ளளவு. இந்தக் கூடு கருமருந்துக்காகவே நீளமாகச் செய்யப்பட்டது. புகையில்லா மருந்து அதே வேலையைக் கொஞ்சம் போட்டாலே செய்துவிடும். அந்தக் கொஞ்சம் கூட்டின் அடியில் சிட்டிகை போலக் கிடக்கும். தவறி இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது. சில வகைகளில் மூன்று பங்கு விழுந்தாலும் வழியாது. மேலே குண்டை அழுத்தி மூடிவிட்டால் வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. அந்தத் தோட்டா வெடித்தால் சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை, பிளக்கும்.

ஒருநாள் பலகையில் ஐம்பது கூடுகளை நிறுத்தி மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ கூப்பிட எழுந்து போனேன். திரும்பி வந்து எல்லாவற்றுக்கும் குண்டு பொருத்தி முடித்த பிறகுதான், எந்த வரிசையில் விட்டேன் என்ற சந்தேகம் வந்தது. ஐம்பதையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் குண்டை உருவினேன். ஒன்றில்கூடத் தப்பில்லை. ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கருமருந்தில் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. கூடு நிறையவேண்டும், குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்காரவேண்டும், இடையில் காற்று வெளி இருக்கவே கூடாது. இரண்டாவது பங்கு போட்டால் மேசையில்தான் கொட்டும். அந்தக் காலத்து 40 கிரெய்ன், அடிப்பக்கம் தடித்த இன்றைய கூட்டில் சுலபமாக அடங்காது. எனக்கு 35-ஐ ஒட்டி நிற்கிறது. பழைய மெல்லிய அடிக்கூடு கையில் கிடைத்தால் அலமாரியில் வையுங்கள், சுடாதீர்கள்.

துப்பாக்கியின் வயதையும் பார்க்கவேண்டும். 1900-ல்தான் கோல்ட் இந்த ரிவால்வரைப் புகையில்லா மருந்துக்கு ஏற்றது என்று உத்தரவாதம் தந்தது. அதற்கு முந்தியது என்றால் கருமருந்துதான், யோசிக்கவே வேண்டாம். பிந்தியது என்றாலும் கவனம் தேவை: மருந்து அளவுக் கையேடுகளில் .45 கோல்ட்டுக்கு இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று சாதாரணம், 14,000 பிஎஸ்ஐ அழுத்த வரம்புக்குள். மற்றது தடித்த சிலிண்டர் உள்ள நவீன ரிவால்வர்களுக்கு. பக்கம் மாறிப் படித்தால் கதை முடிந்தது.

கருமருந்துக்குக் கொடுக்கவேண்டிய விலை, கழுவுதல். எரிந்ததில் பாதிக்கு மேல் திடக் கசடாகத் தங்கிவிடும். அந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் பூசவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் துரு. கூடுகளைச் சுட்ட கையோடு சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுகிறேன். எனக்கு மொத்தம் அரை மணி நேரம் பிடிக்கிறது. நாற்றம் பிடித்த கரைப்பான்கள் வேண்டாம் என்பது ஒரு ஆறுதல்.

குண்டில் பூசும் மசகிலும் ஏமாந்திருக்கிறேன். கடையில் வாங்கிய குண்டுகளில் கெட்டி மெழுகு இருந்தது. மூன்றாம் முறை நிரப்புவதற்குள் சிலிண்டர் இறுகிவிட்டது. தேன்மெழுகும் கொழுப்பும் சேர்த்த இளகிய மசகுக்கு மாறியதும் அந்தத் தொல்லை விட்டது. பெட்ரோலியச் சரக்கு கலந்தால் கசடு தார் போல இறுகும்.

பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளை ஒரே ஒரு டப்பாதான் சுட்டிருக்கிறேன், தீர்ப்புச் சொல்ல அது போதாது. கழுவும் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. குறி துல்லியத்திலும் என் கையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நான் அப்படியொன்றும் பெரிய குறிகாரன் இல்லை.

வாரம் இருநூறு தோட்டா சுடுகிறவர், துப்பாக்கியும் புதிது என்றால், புகையில்லா மருந்தே சரி. ஒன்று மட்டும்: குண்டு பொருத்தும் முன் விளக்கைச் சாய்த்து ஐம்பது கூட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். நடுவில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீர்கள்.