கையெழுத்து இருக்கிறது, சோதனை நடக்கவில்லை: வைப்பர் ஆர்ம் ஏடி பற்றி ஓர் எச்சரிக்கை

சின்ன சார்ட்டர் நிறுவனம் நடத்துபவர்கள், காமோவில் (விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்று தொடர்ந்து கவனிக்கும் பிரிவு) உட்கார்ந்து ரெக்கார்டு பார்ப்பவர்கள், புதிதாக லைசென்ஸ் எடுத்திருக்கும் ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) தம்பி தங்கைகள் எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் விமானத்தை வருடாந்திரச் செக்குக்கு விட்டிருந்த ஓர் எம்ஆர்ஓ, அதாவது விமானப் பராமரிப்பு ஷாப், முன்கண்ணாடி வைப்பருக்கான கட்டாயச் சோதனையைச் செய்யாமலே செய்ததாகக் கையெழுத்துப் போட்டது. அதற்குத் தனியாகக் காசும் வாங்கியது. பிடிபட்ட பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதம் அதைவிட மோசம். புகார் விசாரணையில் இருப்பதால் ஷாப்பின் பெயரை எழுதவில்லை. விமானத்தின் வகையையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாருடையது என்று தெரிந்துவிடும். பிரஷரைஸ்டு கேபின் (உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கும் கேபின்) உள்ள இரட்டை எஞ்சின் டர்போபிராப், அவ்வளவு போதும்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ஒரு வகை விமானத்தில் ஆபத்தான குறை இருப்பது தெரிய வந்தால், அதை வடிவமைத்த நாட்டின் ஆணையம் ஓர் உத்தரவு போடும். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் எஃப்ஏஏ, ஐரோப்பியத் தயாரிப்பு என்றால் ஈயாசா. அந்த உத்தரவுக்குப் பெயர் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ். எல்லாரும் ஏடி என்றுதான் சொல்வோம். இங்கே இந்திய ஆணையமான டிஜிசிஏவும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எந்தப் பார்ட் நம்பருக்குப் பொருந்தும், எத்தனை பறப்பு மணிக்குள் செய்ய வேண்டும், மறுபடி எப்போது செய்ய வேண்டும், எந்த மாற்றத்தைச் செய்தால் இனி செய்யத் தேவையில்லை என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். கெடு தாண்டிவிட்டால் விமானம் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது.

வைப்பருக்கெல்லாமா ஏடி என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். விமானத்தின் வைப்பர் ஆர்ம், கண்ணாடிக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல் வெட்டிய ஒரு ஷாஃப்டில் உட்கார்ந்திருக்கும். ஒரு போல்ட்தான் அதைப் பிடித்திருக்கும். மழை பெய்யாத நாளிலும், வைப்பரை யாரும் போடாதபோதும், பறக்கிற நேரம் முழுக்க அதன் மேல் மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதுகிறது. அந்த அதிர்வில் போல்ட் தளரலாம், பல் தேயலாம், ஆர்மின் அடியில் முடி போல ஒரு விரிசல் தொடங்கலாம். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டக் கூடாது, கீறல் விழும். அதனால் மாதக்கணக்கில் அது ஓடாமலே கிடக்கும். ஓடாத பொருளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அது கழன்று விழுந்தால் கீழே விழுவதோடு போகாது. எங்களுடையதைப் போன்ற டர்போபிராப்பில் காக்பிட்டுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னால் பறக்கும் ஆர்ம் பிளேடில் பட்டால் பிளேடும் சேதமாகும், பட்ட வேகத்தில் ஆர்ம் விமானத்தின் உடலைத் துளைக்கவும் கூடும். அந்தத் தகரத்துக்கு உள்ளே காற்றழுத்தம், பக்கத்தில் பயணி. ஏடி போடுபவர்கள் பயப்படுவது இதற்குத்தான். மழையில் இறங்கும்போது பைலட்டுக்கு ரன்வே தெரியாமல் போவது தனி ஆபத்து.

எங்கள் விமானத்துக்குச் செய்ய வேண்டிய சோதனை கஷ்டமானது இல்லை. ஆர்மைக் கழற்ற வேண்டும். அடிப்பகுதியில் பெயிண்டை எடுத்துவிட்டு டை பெனட்ரன்ட் என்ற சாயத் திரவத்தைப் போட்டு விரிசல் பார்க்க வேண்டும். ஷாஃப்டின் பல்லைப் பார்க்க வேண்டும். பிறகு சொன்ன டார்க்கில் (இறுக்க வேண்டிய அளவில்) போல்ட்டை இறுக்கி, அது பிறகு நகர்ந்தால் தெரியும்படி டார்க் சீல் என்ற வண்ணக் கோடு போட வேண்டும். இதையே குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும்.

ஷாப்பிலிருந்து வந்த வேலைக் கோப்பு பார்க்க அருமையாக இருந்தது. ஏடி எண், தேதி, ‘கம்ப்ளைடு வித்’ (செய்து முடித்தது) முத்திரை, கையெழுத்து, அடுத்த கெடு, எல்லாம் சரி. பில்லில் என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாமல் செய்யும் சோதனை, இங்கே பெனட்ரன்ட்) கட்டணம் தனி வரியாக இருந்தது. விமானத்தைத் திரும்ப எடுக்கும்போது காகிதத்தில் உள்ளதை உலோகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. வடகிழக்குப் பருவமழை நெருங்கிக்கொண்டிருந்ததால் வைப்பரிலிருந்தே தொடங்கினேன்.

ஆர்மின் அடியில் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. ஆர்முக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள இடுக்கின் மேல் பெயிண்ட் பாலம் போட்டிருந்தது. கழற்றியிருந்தால் அது உடைந்திருக்கும். டார்க் சீல் கோடு வெயிலில் வெளுத்து, வெடித்து, அழுக்கேறிக் கிடந்தது. அதன் நிறம் மஞ்சள். அதே செக்கில் அந்த ஷாப் கைவைத்த மற்ற எல்லா இடத்திலும் ஆரஞ்சு. பெனட்ரன்ட் பெயிண்டின் மேல் வேலை செய்யாது, அந்தத் திரவம் உலோகத்தின் விரிசலுக்குள் இறங்க வேண்டும். எனவே பெயிண்ட் இருக்கும் இடத்தில் அந்தச் சோதனை நடந்திருக்கவே முடியாது. நான் படங்கள் எடுத்து, விமானத்தைப் பறக்காமல் நிறுத்திவைக்கச் சொன்னேன்.

ஷாப்பின் குவாலிட்டி ஆளைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சார், அது வைப்பர் ஆர்ம் சார். லேண்டிங் கியரா, புரொப்பெல்லரா? விஷுவலா பார்த்திருப்பாங்க. நீங்க ஏன் இதைப் பெருசாக்குறீங்க?” பெனட்ரன்ட் ரிப்போர்ட் கேட்டேன். மறுநாள் மாலை மின்னஞ்சலில் வந்தது, செக் நடந்த தேதியிட்டு, என்டிடி செய்யத் தகுதி பெற்ற லெவல் டூ ஆளின் முத்திரையோடு.

அந்த ரிப்போர்ட்டில் பயன்படுத்திய பெனட்ரன்ட்டின் பேட்ச் எண் இருக்கும். அந்த ரசாயனத்தை விற்பவரிடம் பேட்ச் சான்றிதழ் கேட்டால் கொடுப்பார்கள். கேட்டு வாங்கினேன். சோதனை நடந்ததாகச் சொன்ன தேதிக்குப் பிறகுதான் அந்த பேட்ச் தயாராகியே இருக்கிறது. என் கேள்வி போன பிறகு அலமாரியில் இருந்த டப்பாவைப் பார்த்து எண்ணை எழுதியிருக்கிறார்கள். இதுவரை சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். இந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

வேறோர் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தை வரவழைத்துச் சோதனையை முறையாகச் செய்தோம். இடது ஆர்மில் குறை எதுவும் இல்லை. வலது ஆர்மின் போல்ட் சொல்லப்பட்ட டார்க்குக்கு மிகக் கீழே இருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பல் தேய்ந்து பளபளவென்று இருந்தது, அதாவது ஆர்ம் ஷாஃப்டின் மேல் ஆடிக்கொண்டே பறந்திருக்கிறது. அந்த ஆர்மை ரிஜெக்ட் செய்து சிவப்பு டேக் கட்டி, யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி குவாரன்டைனில் தனியாக வைத்தோம். இந்த நிலையில் இருந்த விமானத்தைத்தான் ‘பறக்கத் தகுதியானது’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அப்புறம் ஷாப்பின் குரல் மாறியது. “சார், நம்மளுக்குள்ள முடிச்சுக்கலாம். புது ஆர்ம் நாங்களே ஃப்ரீயா தர்றோம், ஃபார்ம் ஒன்னோட.” முதலாளிக்கு விமானம் நின்றுகொண்டிருக்கும் கவலை, அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பொருள் வந்தது. பளிச்சென்ற பெட்டி, கூடவே ஒரு ஐரோப்பிய நிறுவனத்தின் ஈயாசா ஃபார்ம் 1 நகல், அதாவது பொருளைப் பயன்பாட்டுக்கு விடுவிக்கும் சான்றிதழ்.

ஃபார்ம் 1 பார்க்கத் தெரியாதவர்கள் இதைக் கவனியுங்கள். அதன் கீழ்ப்பாதியில் இடப்பக்கம் 13ஆம் கட்டம், புதிதாகத் தயாரித்த பொருளுக்கு. வலப்பக்கம் 14ஆம் கட்டம், பராமரிப்பு செய்து விடுவிக்கும் பொருளுக்கு. 11ஆம் கட்டத்தில் பொருளின் நிலை இருக்கும்: புதியது, ஓவர்ஹால் செய்தது, ரிப்பேர் செய்தது, சோதித்தது என்று. எங்களுக்கு வந்த ஃபார்மில் 11இல் ‘நியூ’ என்று இருந்தது, கையெழுத்து 14இல் இருந்தது. புதிய பொருளைப் பராமரிப்புக் கட்டத்தில் விடுவிக்க மாட்டார்கள். 3ஆம் கட்டத்தில் உள்ள ட்ராக்கிங் எண்ணைக் குறிப்பிட்டு அந்த ஐரோப்பிய நிறுவனத்துக்கே எழுதினேன். அவர்களுடைய இணையதளத்தில் இருந்த முகவரிக்கு எழுதினேன், ஃபார்மில் இருந்த தொலைபேசி எண்ணை நம்பவில்லை. அந்த எண்ணில் தாங்கள் வேறொரு பொருளை விடுவித்ததாகவும், இந்த ஆர்மைத் தாங்கள் தொட்டதே இல்லை என்றும் பதில் வந்தது. எவரோ எங்கோ பழைய ஃபார்ம் ஒன்றைத் திருத்தியிருக்கிறார்கள். ஷாப் தெரிந்தே கொடுத்ததா, அவர்களையும் ஒரு வியாபாரி ஏமாற்றினானா என்பது விசாரணையில்தான் தெரிய வேண்டும்.

இது அபூர்வமான கதை என்று நினைக்க வேண்டாம். 2023இல் லண்டனில் இருந்த ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற வியாபார நிறுவனம், போலிச் சான்றிதழோடு சிஎஃப்எம்56 எஞ்சின் பாகங்களை விற்றது வெளியே வந்தது. ஏ320, போயிங் 737 விமானங்களில் ஓடும் எஞ்சின் அது. போர்ச்சுகலின் டாப் (TAP) விமான நிறுவனத்துப் பராமரிப்பு ஆட்கள் ஒரு சின்ன பாகத்தின் காகிதம் சரியில்லை என்று சந்தேகப்பட்டு, தயாரிப்பாளரான சஃப்ரானிடம் கேட்டதில்தான் அது பிடிபட்டது. உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் எஞ்சின்களைக் கழற்றித் தேட வேண்டியிருந்தது.

அதற்கும் முன்னால், 1989 செப்டம்பர் 8ஆம் தேதி, நார்வேயின் பார்ட்னேர் நிறுவனத்தின் கான்வேர் 580 ஒன்று ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் போகும் வழியில் டென்மார்க் கடலோரத்தில் விழுந்து, அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். வாலின் செங்குத்துத் துடுப்பைப் பிடித்திருந்த போல்ட்டுகளும் பின்களும் தரமற்ற போலிகள் என்று விசாரணையில் தெரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சீனியர் ஒருவர் இந்த விபத்தைச் சொல்லித்தான் உதிரிபாக ஸ்டோர்ஸுக்குள்ளேயே விடுவார். அந்த 55 பேரில் ஒருவருக்கும் போல்ட்டின் காகிதத்தைப் பார்க்கும் வாய்ப்பு கிடையாது. பார்க்க வேண்டியவர்கள் நாம்.

ஷாப் பொய்க் கையெழுத்துப் போட்டாலும் சட்டத்தின் முன் விமானம் பறக்கத் தகுதியாக இருப்பதற்குப் பொறுப்பு அதன் உரிமையாளர் அல்லது ஆப்பரேட்டர்தான். ‘அவர்கள்தான் எழுதிக் கொடுத்தார்கள்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எங்கள் முதலாளிக்கு இது புரிந்த பிறகுதான் ‘நமக்குள் முடித்துக்கொள்வது’ என்ற பேச்சு நின்றது.

அதனால் உங்கள் விமானம் ஷாப்புக்குப் போகிறது என்றால், வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: திரும்பத் திரும்பச் செய்யும் ஒவ்வோர் ஏடிக்கும் கழற்றிய நிலையில் படம் வேண்டும், என்டிடி இருந்தால் ரிப்போர்ட் அன்றன்றைக்கே வேண்டும், பேட்ச் எண்ணோடும் சோதித்தவரின் தகுதிச் சான்றோடும். நல்ல ஷாப் இதற்கு முகம் சுளிக்காது. எங்களுக்கு மறுசோதனை செய்து கொடுத்தவர்கள் நாங்கள் கேட்காமலே படங்களை இணைத்திருந்தார்கள். ஏடியின் மூல வாசகத்தை நீங்களே படியுங்கள். எஃப்ஏஏ, ஈயாசா இரண்டுமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஷாப்பின் பட்டியலில் ‘பொருந்தாது’ என்று எழுதியிருந்தால் ஏன் பொருந்தாது என்று கேளுங்கள். வைப்பர் ஆர்ம் போன்றவற்றில் பொருத்தம் பல நேரம் விமானத்தின் வரிசை எண்ணைப் பார்த்து வருவதில்லை, மாட்டியிருக்கும் ஆர்மின் பார்ட் நம்பரைப் பார்த்து வருகிறது. நடுவில் யாராவது ஆர்மை மாற்றியிருந்தால் பழைய ‘பொருந்தாது’ செல்லாது.

சந்தேகமான பொருள் கையில் வந்தால் வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பணம் திரும்ப வரும், அந்தப் பொருள் வேறோர் விமானத்துக்குப் போகும். குவாரன்டைனில் பூட்டி, டிஜிசிஏவின் வட்டார அலுவலகத்துக்கு எழுதுங்கள், ஃபார்மில் பெயர் உள்ள நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்த ஷாப்பிலிருந்து ஆட்கள் வந்து பெட்டியைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

இளம் ஏஎம்இக்களுக்கு ஒன்று. மேலே உள்ளவர் “நேரம் இல்லை, சைன் பண்ணிடு” என்று சொல்லும் நாள் வரும். முத்திரை உங்கள் பெயரில் இருக்கிறது, லைசென்ஸும் உங்களுடையது. எங்கள் கோப்பில் கையெழுத்துப் போட்டிருந்தது வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத ஒரு பையன். விசாரணைக்கு முதலில் அழைக்கப்பட்டது அவன்தான். அவனிடம் “நீங்க பார்த்துக்குங்க” என்று சொன்ன பெரியவர் பெயர் ஒரு காகிதத்திலும் இல்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான். அவனையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

இப்போது முறையான காகிதத்தோடு வந்த வேறு ஆர்ம் மாட்டி, மறுசோதனை முடித்து, விமானம் பறக்கிறது. என்டிடிக்கு வாங்கிய பணம் திரும்ப வரவில்லை, அதற்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. அதே மாதங்களில் அந்த ஷாப்பில் செக் முடித்த மற்ற விமானங்களும் இருக்கும். சமீபத்தில் எங்கே செக் விட்டிருந்தாலும் சரி, நாளைக் காலை ஒரு டார்ச்சை எடுத்துப்போய் உங்கள் வைப்பர் ஆர்மின் அடியில் பெயிண்டைப் பாருங்கள். கழற்றியதாக எழுதியிருந்து பெயிண்ட் கலையாமல் இருந்தால், விமானத்தை நிறுத்திவிட்டு அந்தக் கோப்பில் உள்ள மற்ற எல்லா ஏடிகளையும் முதலிலிருந்து சரிபாருங்கள்.