மோஷன் டெஸ்ட் நார்மல் என்றால், எதைத் தேடிப் பார்த்தார்கள்?

மதுரையில் இந்த முறை கல்யாணம், குலதெய்வக் கோயில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மனசில் நிற்பது ஒரு லேப் ரிப்போர்ட்தான்.

மகளுக்குச் சிறுநீரக மாற்று ஆகியிருக்கிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்க தினமும் டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறாள். அது எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். ஊரில் அவளுக்குத் தண்ணீராகப் போக ஆரம்பித்து, நிற்கவே இல்லை.

முதலில் போனது பெரிய லேப். ஏசி, டோக்கன், வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். புழு முட்டை இல்லை, சிஸ்ட் (ஒட்டுண்ணிகளின் உறை வடிவம்) இல்லை, நார்மல் என்று சட்டென்று வந்துவிட்டது. பிள்ளை என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மில்வாக்கியில். 1993-இல் அங்கே குழாய்த் தண்ணீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற, பேதியை உண்டாக்கும் ஒட்டுண்ணி கலந்து சுமார் 4 லட்சம் பேருக்கு நோய் வந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு இந்த 'நார்மலை' எப்படி நம்புவது?

சித்திதான் டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு மாடி லேபுக்குக் கூட்டிப் போனார். மின்விசிறி, மர பெஞ்சு, நான் சின்ன வயசில் பார்த்த அதே மாதிரி. டப்பாவை வாங்கிய லேப் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, பாப்பா வேற ஏதும் மாத்திரை சாப்புடுதா?" சொன்னேன். "அப்ப சாதா டெஸ்ட்ல தெரியாதும்மா. ஆசிட் ஃபாஸ்ட் ஸ்டெயின் போடணும். டாக்டர்ட்ட சீட்டுல எழுதி வாங்கிட்டு வாங்க."

கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான்தான், ரத்தச் சிவப்பணுவைவிடச் சின்னது. அந்த ஸ்டெயின், அதாவது சாயம், போடாமல் பார்த்தால் ஈஸ்ட் என்று தள்ளிவிடுவார்களாம். எல்லா நாளும் வெளியே வராது என்று வேறு வேறு நாளில் கொண்டுவரச் சொன்னார். முதல் மாதிரியில் ஒன்றுமில்லை. அடுத்ததில் இருந்தது. கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பிலேயே காட்டினார்: நீலத்துக்கு நடுவில் இளஞ்சிவப்பு உருண்டைகள். மில்வாக்கியில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையில் பல கிருமிகளை ஒரேயடியாகத் தேடிவிடுவார்கள், உண்மைதான். ஆனால் அங்கே லேப் ஆள் யாருடைய முகத்தையும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. பேதியின்போது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் ஏறிவிடும். அளவு பார்த்து, மில்வாக்கி டாக்டரிடம் போனில் பேசி மருந்தைக் குறைத்தோம். இந்தக் கிருமிக்கான மருந்தாக நைடசாக்சனைடு கொடுத்தார்கள்; இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அது மட்டும் போதாமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். குளோரினுக்கு இந்தக் கிருமி லேசில் சாகாது, அதனால் கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே கொடுத்தோம். இப்போது தேறிவிட்டாள்.

கிளம்புமுன் பெரிய லேபில் எழுதிக் கொடுத்தேன்: கீமோ, ஸ்டீராய்டு, உறுப்பு மாற்று, எச்ஐவி உண்டா என்று மோஷன் டெஸ்ட் படிவத்தில் ஒரு வரி சேருங்கள். பதில் இன்னும் வரவில்லை.