துப்பும் மீன் என்று சொல்லி வேறு மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள்

இன்று காலை இரண்டாவது மீனும் செத்து மிதந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் ஏமாறக் கூடாது.

தண்ணீரைப் பீய்ச்சியடித்து, இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை விழவைத்துத் தின்னும் ஆர்ச்சர் மீன் எனக்குப் பல வருட ஆசை. ஆன்லைனில் வளர்ப்பு மீன் விற்கும் ஒருவரிடம் ஒரு ஜோடி கேட்டேன். என் பாதி மாதச் சம்பளம். அதையும் மொத்தமாக முன்கூட்டியே அனுப்பினேன். எல்லாம் அவர் அனுப்பிய வீடியோவை நம்பித்தான். மீன் வாயை மட்டும் நீருக்கு வெளியே நீட்டிக் குறிபார்த்தது. ஒரே அடி, வெட்டுக்கிளி பொத்தென்று விழுந்தது. நாக்கை மேலண்ணத்துப் பள்ளத்தோடு சேர்த்துக் குழாய்போலாக்கி, செவுள் மூடிகளைச் சட்டென்று இறுக்கித் தண்ணீரைத் தள்ளும் என்று விளக்கினார். பின்னால் வரும் நீர் முன்னால் போவதை எட்டிப்பிடிக்கும், பூச்சியைத் தொடும்போது ஒரே உருண்டையாகத் திரண்டு அடிக்கும் என்றார். அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்துவிட்டேன்.

வந்த மீனுக்கு வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள், கொக்கு அலகு மாதிரி நீண்ட வாய், முதுகுத் துடுப்பில் கண் போல ஒரு கரும்பொட்டு. சந்தேகப்பட்டுக் கேட்டேன். "அந்த மூக்கால்தான் சார் துப்பும்" என்றார். ஆர்ச்சர் மீன் அலையாத்திக் காட்டுக் கழிமுகங்களில் வாழ்வது, அதனால் அரை உப்புத் தண்ணீர் தயார் செய்து வைத்திருந்தேன். அதில்தான் விட்டேன். மூன்று நாளும் மூலையில் ஒதுங்கி வேகவேகமாக மூச்சு வாங்கின. மேலே வைத்த பூச்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கடல் மீன் வளர்க்கும் நண்பர் படத்தைப் பார்த்த உடனே சொன்னார், இது காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை என்று. பவள இடுக்குகளில் மூக்கை நுழைத்துப் புழு பொறுக்கும் மீன், முழு உப்புக் கடல்நீர் வேண்டும். ஐயோ, என் தண்ணீரே அவற்றைக் கொன்றிருக்கிறது! இந்தக் குழப்பம் பழையதுதான். 1764-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குத் துப்பும் மீனைப் பற்றி எழுதிய ஷ்லோசர் என்பவரும் இந்த நீள மூக்கு மீனைத்தான் காட்டினார். அது தெரியாமல் நடந்த தவறு. விற்பதே தொழிலாக வைத்திருப்பவருக்குத் தெரியாதா?

பணத்தைக் கேட்டால் முதலில் "பழக நாளாகும்" என்றார். அப்புறம் "உங்கள் தண்ணீர் சரியில்லை", கடைசியில் "உயிருள்ள பொருளுக்குப் பணம் திரும்பாது". நேற்று இரவு என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். பாதி மாதச் சம்பளம் போனது போனதுதான்.

வாங்க நினைப்பவர்கள் இதை மட்டும் பாருங்கள். உண்மையான ஆர்ச்சர் மீனுக்கு நீண்ட மூக்கு கிடையாது. வாயிலிருந்து துடுப்பு வரை முதுகு நேராக இருக்கும், முதுகுத் துடுப்பு வால் பக்கம் தள்ளி இருக்கும், வெள்ளி உடம்பில் கருந்திட்டுகள். தண்ணீர் நன்னீரா, உவர்நீரா, கடல்நீரா என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பெயர் எழுதிய தாளைத் தொட்டியில் ஒட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள்.