பழைய காசு விற்க எந்த வழி? கமிஷன் ஒரு பக்கம், ஆபத்து ஒரு பக்கம்

"வீட்டில் பழைய காசு இருக்கு, ஆன்லைனில் எங்கே போட்டால் நல்ல விலை போகும்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தக் காசு என்றுதான். எல்லாக் காசுக்கும் ஒரே சந்தை கிடையாது. தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகை இருக்கும். சுதந்திரத்துக்குப் பிந்தைய அலுமினியப் பைசாக்களும் நினைவு நாணயங்களும் ஒன்று. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் இன்னொன்று. அப்புறம் எங்கேயாவது ஒரு டப்பாவில் ராஜராஜன் காலத்துச் செப்புக் காசு. இந்த மூன்றையும் வைத்தே ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

பழைய காசுக்கு லட்சங்கள் கிடைக்கும் என்ற யூடியூப் கதையை முதலிலேயே முடித்துவிடலாம். வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லும் ஆள் நாணயத்தை வாங்க வரவில்லை, 'பதிவுக் கட்டணம்', 'ஜிஎஸ்டி', 'கமிஷன்' என்று உங்களிடம் பணம் வாங்கத்தான் வருகிறார். ரிசர்வ் வங்கியின் பெயரும் முத்திரையும் போட்ட கடிதம்கூட அனுப்புவார்கள். இதை 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டு மறுத்தது: பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குப் பங்கில்லை, யாரிடமும் அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று. ஆண்டுக்குக் கீழே இருக்கும் குறி எந்த ஊர் ஆலையில் அச்சானது என்பதைத்தான் சொல்கிறது: நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. இதை வைத்து "ரேர்" (அரிது) என்பவர்களையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, ஓஎல்எக்ஸ் மாதிரியான இலவச விளம்பரத் தளங்கள். கமிஷன் பூஜ்யம். ஆனால் நாணயம் சேகரிப்பவர்கள் அங்கே அதிகம் உலவுவதில்லை, உலவுவது வேறு ஆட்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் ஒருவர் அழைப்பார், பேரம் பேசவே மாட்டார், சொன்ன விலைக்குச் சரி என்பார், "ராணுவத்தில் இருக்கேன் சார், நேரில் வர முடியாது, க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்பார். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் கேட்டாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். நேரில் வந்து பார்த்து, கையில் பணம் கொடுத்து எடுத்துப் போகிற ஆளுக்கு அலுமினியக் காசுகளை மொத்தமாகத் தள்ளிவிட இந்த வழி போதும், அதற்கு மேல் எதற்கும் வேண்டாம்.

இரண்டாவது, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குரூப்கள். உண்மையான சேகரிப்பாளர்கள் இருப்பது இங்கேதான், வெள்ளி ரூபாய்க்கு என் முதல் தேர்வும் இதுதான். கமிஷன் இல்லை, பேரம் உண்டு: "அண்ணே, மொத்த லாட்டா எடுத்துக்கிறேன், கடைசி விலை சொல்லுங்க" என்பதில்தான் எல்லாப் பேச்சும் தொடங்கும். பதில் சொல்லும் முன் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, ஆக ஒரு காசுக்குள் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது உங்கள் அடிமட்ட விலை, அதற்குக் கீழே கேட்பவரிடம் பேச்சை நிறுத்திவிடலாம். ஆனால் 1940 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், 1947 ரூபாய் வெறும் நிக்கல். இதைத் தெரிந்தும் "பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய்" என்று ஒரே விலையில் கலந்து விற்பவர்கள் உண்டு, பெயர் கெட்டுப்போவதும் இதனால்தான்.

குரூப்பில் ஆபத்து இரு பக்கமும். முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோகும் விற்பனையாளர்கள் இருப்பதால், புதிதாக வருகிற நேர்மையான ஆளையும் யாரும் நம்ப மாட்டார்கள். அட்மின் மூலம் பணத்தைப் பிடித்துவைத்து, பார்சல் போய்ச் சேர்ந்ததும் விடுவிக்கும் ஏற்பாடு சில குரூப்களில் இருக்கிறது. இருந்தால் பயன்படுத்துங்கள், அட்மின் யார் என்று முதலில் விசாரித்துவிட்டு. ஆரம்பத்தில் நான்கைந்து சின்ன விற்பனை செய்து பெயர் எடுத்த பிறகு பெரிய காசைப் போடுவது நல்லது.

மூன்றாவது, ஏல நிறுவனங்கள். மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத் கிளாசிகல் நியூமிஸ்மேடிக் கேலரி போன்றவை ஆன்லைனிலும் ஏலம் கேட்க விடுகின்றன. விற்பவரிடம் ஒரு கமிஷன், வாங்குபவரிடம் ஏல விலைக்கு மேல் பிரீமியம் என்று தனியாக ஒன்று. பிரீமியத்தை வாங்குபவர்தானே கட்டுகிறார், நமக்கென்ன என்று நினைத்தால் தப்பு. கையிலிருந்து மொத்தம் 11,500 ரூபாய் போகலாம் என்று முடிவு செய்தவர், 15 சதவீதம் பிரீமியம் இருந்தால் 10,000க்கு மேல் கையைத் தூக்க மாட்டார். அந்த 1,500 உங்களுக்கு வந்திருக்க வேண்டிய பணம். அதற்குமேல் ஜிஎஸ்டி, ஏலப் பொருள்களின் அட்டவணை (கேட்லாக்) அச்சாகி ஏலம் நடந்து பணம் வரும்வரை காத்திருப்பு, விற்காமல் திரும்பிவந்தால் அனுப்புக் கட்டணம். இத்தனையும் சேர்ந்துதான் உண்மையான செலவு.

அப்படியும் அரிய காசுக்கு இதுதான் மலிவான வழி என்பேன். 1911 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அரசர் சட்டையில் இருக்கும் யானை, துதிக்கை சின்னதாகிப் பன்றி மாதிரி தெரிகிறது என்று புகார் எழுந்து, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள், அதனால்தான் மற்ற ஆண்டுகளைவிட விலை அதிகம். 1939 ரூபாய் அதைவிட அரிது, போலியும் அதற்கேற்ப ஏராளம். இப்படி ஒன்றைக் குரூப்பில் போட்டால் நூறு பேர் "ஃபேக்" என்று எழுதுவார்கள், வாங்குகிற ஒருவரும் அந்தச் சந்தேகத்தைக் காட்டியே விலையைக் குறைப்பார். ஏல நிறுவனம் பார்த்து அட்டவணையில் ஏற்றினால் அந்தச் சந்தேகம் பெருமளவு போய்விடும், கமிஷன் அதற்கான விலை. சாதாரண 1918 ரூபாயை அங்கே கொண்டுபோனால் சிரிப்பார்கள்.

நான்காவதாக, வெளிநாட்டு ஆன்லைன் விற்பனைத் தளமான ஈபேக்கு வருவோம். இந்தியத் தளமான ஈபே.இன் 2018ல் மூடப்பட்டது, இப்போது இங்கிருந்து விற்றால் ஏற்றுமதிதான். கட்டணம் பத்து சதவீதத்துக்கு மேல், அதோடு டாலர் மாற்றுச் செலவு. "பார்சல் வரவில்லை" என்று வாங்குபவர் புகார் செய்தால், போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டியது நீங்கள். திருப்பி அனுப்புகிறேன் என்று உங்கள் காசை வைத்துக்கொண்டு தேய்ந்த வேறொன்றை அனுப்புகிற கூத்தும் உண்டு. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிச் சலுகையை 2025 ஆகஸ்ட் இறுதியில் எடுத்துவிட்டதால் அந்தப் பக்கக் கணக்கும் சிக்கலாகிவிட்டது.

இதெல்லாம் பணச் செலவு. சட்டம் இதைவிடப் பெரிது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய நாணயமும் தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பவே கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை. 1918 ரூபாய் இதில் அடங்கும், ராஜராஜன் காசைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "கவரில் வைத்து அனுப்பினால் யார் பார்க்கப்போகிறார்கள்" என்று அறிவுரை சொல்கிறவர் உங்களுக்காகச் சிறைக்குப் போக மாட்டார். உள்நாட்டிலும் தொல்பொருளைத் தொழிலாக வாங்கி விற்க உரிமம் வேண்டும். ஆக ஈபேயில் போட உங்களிடம் மிஞ்சுவது சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயங்கள்தான், அவற்றில் பெரும்பாலானவற்றின் விலை தபால் செலவுக்கே காணாது.

சோழர் செப்புக் காசு தனி விஷயம். ஒரு பக்கம் நிற்கும் அரசர், மறுபக்கம் உட்கார்ந்த அரசர், அருகில் நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற எழுத்து. ஆயிரம் ஆண்டுப் பழசு என்றாலும் ஏராளமாகக் கிடைப்பதால் சாதாரண நிலையில் சில நூறு ரூபாய்க்குமேல் போகாது. விளம்பரத்தில் "ஆற்றில் கிடைத்தது", "தோட்டத்தில் தோண்டியபோது வந்தது" என்று சிலர் சுவாரசியத்துக்காக எழுதுகிறார்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது: மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்குமேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கதை பொய் என்றால் ஏமாற்று, உண்மை என்றால் ஒப்புதல் வாக்குமூலம். இந்தக் காசை உள்ளூர் நாணயக் கடையிலோ சங்கக் கண்காட்சியிலோ காட்டுவதுதான் சரி. கடைக்காரர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார், ஆனால் பணம் கையில், பார்சல் கிடையாது, பின்னால் சண்டை கிடையாது. இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எந்த வழியில் போனாலும் காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள். புளி, பற்பசை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். காலத்தால் ஏறிய கருமை போய் பளபளவென்று ஆனதும் சேகரிப்பாளர் பாதி விலைக்கு இறங்கிவிடுவார். ஏற்கெனவே யாரோ தேய்த்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "1918 ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய், எடை 11.6 கிராம், முன்பு சுத்தம் செய்யப்பட்டது, விளிம்பில் ஒரு சிறு அடி, மூன்றாம் படத்தில் பார்க்கவும்." படம் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், இரண்டு பக்கமும் விளிம்பும். "ராம் தர்பார்" (ராமர் பட்டாபிஷேகக் காட்சி) போட்ட 1818 ஒரு அணாவை வைத்திருப்பவர்கள் மட்டும் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் பயனில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒன்றை வெளியிடவே இல்லை, அது காசு அல்ல, வெறும் டோக்கன்.

அனுப்புவதில் ஒரு விஷயம். பல தனியார் கூரியர்களின் விதிமுறையில் பணம், நகை, நாணயம் ஏற்கப்படாத பொருள்கள். கவுண்டரில் "பரிசுப் பொருள்" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தொலைந்ததும் நஷ்டஈடு கேட்டால் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட், மதிப்பு அதிகமானால் இன்சூரன்ஸ் சேர்த்து. காசை உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, எடைக் கருவியில் வைப்பது முதல் கவர் ஒட்டும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். வாங்குபவரிடமும் பிரிப்பதை வீடியோ எடுக்கச் சொல்லி, வீடியோ இல்லாமல் புகார் ஏற்பதில்லை என்று பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.